சனிக்கிழமை அலை

கடல் அசையாமல் கிடந்தது. சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வள்ளங்களையெல்லாம் மணலில் இழுத்து ஏற்றியிருந்தார்கள். ஒரு வள்ளத்தின் நிழலில் நாலைந்து பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். காய்கிற வலையின் வாசனையோடு எந்த வீட்டிலிருந்தோ பப்படம் பொரிக்கிற வாசனையும் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றேன். வந்த அலை கணுக்காலைக்கூட எட்டாமல் திரும்பிப் போனது.

அப்போது மாதா கோயிலை அடுத்த கட்டடத்தின் உச்சியில் இருந்த குழாய் மைக் கரகரத்தது. ஒரு பெண்ணின் குரல், நிறுத்தி நிதானமாக வாசித்தது.

“மீனவச் சகோதரர்களின் கவனத்துக்கு. இன்று இரவும் நாளை பகலும் கடலில் அலை மூன்று மீட்டர் உயரத்துக்கு எழும்பும். காற்று பலமாக வீசும். யாரும் தொழிலுக்குப் போக வேண்டாம்.”

நான் கடலைப் பார்த்தேன். மைக்கைப் பார்த்தேன். மறுபடியும் கடலைப் பார்த்தேன். சீட்டுக்காரர்களில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை.

“கடல் சும்மாதான கெடக்கு?” என்று அருகில் போய் அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

“மைக்குல சொல்லுதால்லா சாரே,” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு ஜாக்கியைப் போட்டார்.

என் தொழில்

என் தொழில் என்னவென்று கேட்கிறவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வந்ததில்லை. எங்கோ ஒரு நாட்டில் பணம் வைத்திருப்பவர்களுக்கு நம்மை முன்னேற்ற வேண்டும் என்று தோன்றும். ஒரு இயந்திரத்தை அனுப்புவார்கள். ஒன்றிரண்டு வருடம் போனதும், முன்னேறிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்கள். இயந்திரத்திடம் கேட்க முடியாது. அதற்காக ஒரு ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் நான். மக்கள் முன்னேறியிருந்தால் இயந்திரத்துக்குப் பெருமை. முன்னேறாவிட்டால் நான் கேட்ட கேள்வி சரியில்லை.

மயிலாடியில் சிற்பிகளுக்குக் கம்ப்யூட்டரில் சிலை வரையச் சொல்லிக்கொடுக்கும் மையம் ஒன்றை ஒருமுறை மதிப்பிடப் போனேன். கல் தூசி புகுந்து எல்லாக் கம்ப்யூட்டரும் செத்துப்போயிருந்தன. வாசலில் வைத்த திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் அற்புதமாக இருந்தது. அதை உளியால் செதுக்கியிருந்தார்கள். ‘மையத்தில் விளைந்த பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ் அந்தக் கல்வெட்டை எழுதிக் கொடுத்தேன். தலைமை அலுவலகத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் அருமனைத் தொடுதிரையைப் பற்றி எழுதியிருந்தேன். ரப்பர் பால் ஒட்டிய விரலை விரல் என்றே ஒப்புக்கொள்ளாத அந்தத் திரையின் கதை ஒரு வாசகிக்குப் பிடிக்கவில்லை. “எல்லாத்தையும் கிண்டல் பண்ணுறியளே, ஒண்ணுகூடவா உருப்படல?” என்று தொலைபேசியில் கேட்டார்.

உருப்பட்டது ஒன்று உண்டம்மா. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். முட்டம் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் எட்டுகிற ஊர், அவ்வளவுதான் சொல்லுவேன்.

கிழமை தெரிந்த கடல்

சுனாமி வந்து போன பிறகு கடற்கரைக்கு எல்லாம் வந்தது. பாய் வந்தது, பாத்திரம் வந்தது, வள்ளம் வந்தது, கடைசியில் கம்ப்யூட்டரும் வந்தது. ஊருக்கு ஒரு தகவல் மையம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண் பொறுப்பாளர். கடல் எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பு சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து மத்தியானம் கம்ப்யூட்டரில் வரும். ஐந்து மணிக்குப் பொறுப்பாளர் அதை மைக்கில் வாசிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் வைத்திருந்தார்கள். நீண்ட கடற்கரை முழுவதற்கும் ஒரே முன்னறிவிப்புதான் வரும். ஊருக்கு ஊர் பாறையும் திட்டும் வேறு. அதனால் பொறுப்பாளர், அந்த ஊர்த் தொழிலாளிகளைக் கேட்டு, அளவைத் திருத்தி வாசிக்கலாம். இதற்கு ‘உள்ளூர் அறிவைச் சேர்த்தல்’ என்று பெயர். அந்தக் காலத்தில் உள்ளூர் அறிவைச் சேர்க்காத திட்டத்துக்கு எவரும் பணம் கொடுக்க மாட்டார்கள். உப்புப் போடாத கறி மாதிரி அதை ஒதுக்கிவிடுவார்கள்.

வாசித்த அளவைப் பொறுப்பாளர் சென்னைக்குத் திருப்பி அனுப்புவார். சென்னையில் ஊர்வாரியாகக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மற்ற ஊர்களின் கோடுகள் ஆனி ஆடியில் ஏறி, தையில் இறங்கி, ஒழுங்கு மரியாதையாக இருந்தன. நம் ஊரின் கோடு மட்டும் ரம்பப் பல். சனிக்கிழமை சாயங்காலம் எகிறும். ஞாயிறு சாயங்காலம் விழும். ஒரு வருடத்துக்கும் மேலாக இப்படி.

பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஒரு அலை நிபுணர் வந்திருந்தார். கடலைப் பற்றி நிறையப் படித்த மனிதர். கடலுக்குக் கிழமை தெரியாது என்பது அவர் படித்த படிப்பு. இந்தக் கோட்டைப் பார்த்ததும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்திரனைக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. “செயற்கைக்கோளுக்குத் தெரியாத ஏதோ அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது,” என்று கூட்டத்தில் சொன்னார்.

அதே கூட்டத்தில் இன்னொரு யோசனையும் மேஜைக்கு வந்தது. ஊருக்கு ஊர் பொறுப்பாளர் எதற்கு? சென்னையில் ஒரு நல்ல குரலைப் பதிவு செய்து, எல்லா ஊர் மைக்கிலும் தானாகவே ஒலிக்கச் செய்துவிடலாம். பிழை வராது. சம்பளமும் மிச்சம்.

ஆக என்னை அனுப்பியது இரண்டு காரியத்துக்கு. சனிக்கிழமை அலை எங்கிருந்து வருகிறது? அந்த ஊருக்குப் பொறுப்பாளர் தேவையா, தானியங்கிக் குரல் போதுமா?

அப்பாவின் ஞாயிறு

இதை விளங்கிக்கொள்ள என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நான் நாகர்கோவில் பக்கத்து மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுப்புக்குக்கூட விடுமுறை. மீன் கறி சனிக்கிழமையே வைத்தாக வேண்டும். கடையில் உப்பு வாங்கக் கூடாது. பத்திரிகையைத் திங்கட்கிழமைதான் பிரிக்கலாம். மழையில் நனைகிற துணியை ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாமா என்று என் அக்காளும் அப்பாவும் அரைமணி நேரம் விவாதித்து முடிப்பதற்குள் துணி நன்றாக நனைந்துவிட்டது.

கடற்கரைக் கத்தோலிக்கர்கள் பூசை முடிந்ததும் பந்து விளையாடப் போகிறார்கள் என்பதில் அப்பாவுக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. “ஓய்வுநாள்னா என்னன்னு அவியளுக்குத் தெரியாது,” என்பார்.

அப்படி வளர்ந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அறிக்கை எழுதிப் பிழைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் என்றதுமே எனக்கு மண்டையில் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. கடலடியில் பாறை ஏதாவது இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். படிப்பு அந்த லட்சணம்.

ரெண்டரை மீட்டர் அறிவு

கரையிலிருந்து நேரே மையத்துக்குப் போனேன். பொறுப்பாளர் செலின் மைக்கை அணைத்துத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். சுறுசுறுப்பான பெண். பால் சேர்க்காத கட்டஞ்சாயா கொடுத்தாள். கம்ப்யூட்டர் திரை திறந்தே இருந்தது. சென்னை அனுப்பிய முன்னறிவிப்பில் அலை அரை மீட்டர் என்று கண்டிருந்தது.

“இதுல அரை மீட்டர்னுல்லா இருக்கு,” என்றேன்.

“ஆமா சார்.”

“நீ மூணுன்னு வாசிச்ச.”

“உள்ளூர் அறிவச் சேத்து வாசிக்கணும்னு பயிற்சியில சொன்னியள்லா. சேத்தேன்.”

“ரெண்டரை மீட்டருக்கா அறிவு?”

“சனிக்கிழமெக்கு அம்புட்டு வேணும் சார். நடுவுல ஒருக்கா கொறச்சு வாசிச்சுப் பாத்தோம். ததேயூஸ் அண்ணன் வள்ளத்த எறக்கிட்டாரு.”

சாயாவை வைத்துவிட்டேன். அவள் மறைக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கரையில் சனிக்கிழமை சாயங்காலக் கோயில் மணியிலிருந்து ஞாயிறு சாயங்கால மணிவரை எவரும் கடலுக்குப் போவதில்லை. எழுதி வைத்த சட்டம் இல்லை. பரம்பரையாக நடந்து வந்தது. சுனாமிக்குப் பிறகு இலவச வள்ளங்கள் வந்தபோது, வள்ளத்தைப் பறிகொடுத்தவனும் வள்ளமே இல்லாதவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். ததேயூஸ் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் நின்றார். பல வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். கடல் அனுபவம் விமானத்திலிருந்து பார்த்ததுதான். வள்ளத்தில் கால் வைத்தால் தலை சுற்றும். ஆனால் மூன்று வள்ளம் கைக்கு வந்தது.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். வள்ளம் ஒருநாள் கரையில் சும்மா கிடந்தால் மட்டும் அவருக்கு நெஞ்சை அடைக்கும். ஞாயிறும் போங்கள் என்றார். அவர் வள்ளம் போவதைப் பார்த்து மற்ற உடமைக்காரர்களும் அனுப்பினார்கள். சாமியார் பிரசங்கத்தில் திட்டினார். கோயில் காரியம் பார்க்கிற பங்குப்பேரவையில் சண்டை நடந்தது. ஒன்றும் எடுபடவில்லை. வரமாட்டேன் என்று சொல்லுகிற தொழிலாளிக்குத் திங்கட்கிழமை அந்த வள்ளத்தில் இடம் இருக்காது.

மிக்கேல் விழுந்த நாள்

செலினின் கணவன் மிக்கேல், ததேயூஸின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன்.

“ஏழு நாளும் போவாரு. வெளுக்குமுன்ன போயிட்டு உச்சைக்கு வருவாரு. வந்தா ஒறக்கம். எனக்க மவ அவர முழிச்சிருந்து பாத்ததே இல்ல சார். ஒருநாள் சட்ட போட்டு எந்திச்சு நிக்காரு, புள்ள பயந்துபோயி எனக்க பொறத்தால ஒளிச்சா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மற்றதைச் சொன்னாள்.

ஒரு ஞாயிறு விடியற்காலம், வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்தபடியே மிக்கேல் தூங்கிப்போனான். தூக்கத்திலேயே சரிந்து கடலில் விழுந்தான். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கூட இருந்தவன் பீடிக்கு நெருப்புக் கேட்கத் திரும்பியதால்தான் ஆளைக் காணோம் என்று தெரிந்தது. வள்ளத்தைத் திருப்பி வந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

“அண்ணைக்கும் கடல் இது மாதிரிதான் சார் கெடந்துது. அலையே கெடையாது. நான்தான் வாசிச்சேன், கால் மீட்டர்னு. கடல் பாதுகாப்பா இருக்கு, போலாம்னு எனக்க வாயாலதான் சொன்னேன்.”

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை டெலிபோன் கம்பி அறுந்துபோய்ச் சென்னையிலிருந்து முன்னறிவிப்பு வரவில்லை. வாசிக்காமல் இருந்தால் மேலே கேள்வி வரும். ஆனி மாதத்துப் பழைய அறிவிப்பு ஒன்று கிடந்தது. பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அதை எடுத்து வாசித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். மூன்று மீட்டர் என்று இருந்தது அதில்தான். அன்றைக்கு ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சுனாமியைக் கண்ட கரையில் மைக் சொன்ன அலையை மீறி ஆளை அனுப்ப எந்த உடமைக்காரனுக்கும் துணிச்சல் இல்லை, ததேயூஸ் உட்பட.

மறுநாள் கோயிலில் ஆண்கள் பக்கம் நிறைந்தது. மிக்கேல் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டான், மகளைக் கூட்டிக்கொண்டு கரையில் நடந்தான். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கே பெண்கள் மையத்துக்கு வந்துவிட்டார்கள்.

“ஏட்டி செலின், போன வாரம் வாசிச்சதையே வாசிச்சிரு,” என்றார்கள்.

“ஆம்பிளேளுக்கு இது தெரியாதா?” என்று கேட்டேன்.

“அவியளுக்குக் கண்ணு இல்லியா சார்? கடல் எதிர்லதான கெடக்கு.”

“ததேயூசுக்கு?”

“அவருக்கும் தெரியும். ஆனா போன்னு சொல்லி அனுப்பி ஒருத்தனுக்கு ஒண்ணு ஆச்சுதுன்னா யாரு பதில் சொல்லுவா? மைக்குல சொன்னத ஊரே கேட்டிருக்கு. அதுனால எவனுக்கும் அவருகிட்ட போயி வரமாட்டேன்னு சொல்லவேண்டாம். மைக்கு சொல்லிரும்.”

மதிப்பீட்டாளன் மூளை சும்மா இருக்குமா? “சரி, ஒரு சனிக்கிழமை நெசமாவே கடல் மோசமானா என்ன செய்வ?” என்றேன்.

“அண்ணைக்கும் இதத்தான் வாசிப்பேன். அண்ணைக்கும் போமாட்டாவ. ஞாயிறு சாயங்காலத்துலேருந்து சரியா வாசிப்பேன் சார். ஒரு புள்ளி கூட்டமாட்டேன், கொறைக்கமாட்டேன்.”

எத்தனையோ முனைவர்களை மடக்கியிருக்கிறேன். இதில் எனக்கு ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை.

அறிக்கையில் என்ன எழுதுவது? உள்ளதை எழுதினால் தானியங்கிக் குரல் வரும், செலின் வீட்டுக்குப் போவாள், மிக்கேல் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவான். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட இக்கட்டுக்கென்றே ஒரு வாக்கியம் உண்டு. ‘சனிக்கிழமை அலைக்குச் சமூகக் காரணங்களும் இருக்கக்கூடும், கூடுதல் ஆய்வு தேவை.’ இதற்குப் பொருள், இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் என்பது. இந்த வாக்கியத்தை எழுதியவனும் படித்தவனும் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவதுதான் உலக வழக்கம்.

அலை நிபுணருக்கு அந்த வழக்கம் தெரியாது. கூடுதல் ஆய்வுக்கு அவரே கிளம்பி வந்துவிட்டார்.

ஆரஞ்சு மேலங்கி

மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கையில் அலையை அளக்கிற கருவி, முதுகில் பெரிய பை. அந்த வெயிலிலும் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தார். கடல் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கென்றே ஒரு சுருக்கம் விழாமல் கிடந்தது.

ததேயூஸ் சலவைச் சட்டையில் காத்திருந்தார். இந்த ஒரு நாளுக்காக அவர் எவ்வளவு ஏங்கியிருப்பார் என்று முகத்திலேயே தெரிந்தது. வளைகுடா ஆங்கிலத்தில், “சார், மை போட் ரெடி. யூ கம், யூ சீ. நோ வேவ்,” என்றார். வெள்ளைக்காரரே கடலுக்குள் போய் அளந்து பார்த்து, அலை இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு மைக்குக்கு என்ன மதிப்பு? ஞாயிறு மறுபடியும் அவர் கைக்கு வந்துவிடும்.

நிபுணர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐந்து மணி அறிவிப்பு முடிந்ததும் கிளம்பலாம் என்று முடிவாயிற்று. வள்ளத்தை ஓட்ட மிக்கேலும் இன்னொருவனும் வர வேண்டும் என்று ததேயூஸ் சொல்லிவிட்டார்.

நான் நழுவி மையத்துக்குப் போனேன். செலின் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“சார், நான் என்ன வாசிக்கட்டும்? மூணுன்னு வாசிச்சா அவரு போயி அளந்துட்டு வந்து, பொய்க்காரின்னு எழுதுவாரு. உள்ளத வாசிச்சா ததேயூஸ் அண்ணன் இண்ணைக்கே எறக்குவாரு. அதோட தீந்துது.”

“நான் மதிப்பிட வந்தவன், செலின். வழி சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல,” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குக் கிடைத்த மதிப்பீடுகளிலேயே துல்லியமானது அதுதான்.

கரைக்குத் திரும்பினேன். ஊர் முழுக்க அங்கே நின்றது. நிபுணர் ஆரஞ்சு நிற உயிர்காப்பு மேலங்கியைப் போட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். மிக்கேல் வள்ளத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கடலையும் பார்க்கவில்லை, ததேயூசையும் பார்க்கவில்லை. மையத்தின் உச்சியைத்தான் பார்த்தான்.

மைக் கரகரத்தது.

“மீனவச் சகோதரர்களின் கவனத்துக்கு.” மைக்கில் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. “இன்று இரவும் நாளை பகலும் கடலில் அலை மூன்று மீட்டர் உயரத்துக்கு எழும்பும். யாரும் தொழிலுக்குப் போக வேண்டாம்.”

ததேயூஸ் வாய்விட்டுச் சிரித்தார். “மூணு மீட்டராம். சாருக்குச் சொல்லுங்க. வாங்க, எறக்கலாம்.”

என்ன சொன்னார்கள் என்று நிபுணர் கேட்டார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

“இது அதிகாரபூர்வமான எச்சரிக்கையா?”

“உங்கள் திட்டத்தின் எச்சரிக்கைதான்,” என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். பிறகு மேலங்கியின் பட்டையை மெதுவாக அவிழ்த்தார்.

“அப்படியானால் நான் போக முடியாது. எச்சரிக்கை நடப்பில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது விதி. மீறினால் காப்பீடு கிடையாது.”

ததேயூசுக்கு இது புரியப் பிடித்த நேரம் அவருக்கே நீண்டதாக இருந்திருக்கும். “சார், லுக். லுக் அட் த சீ,” என்று கடலைச் சுட்டிக்காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது.

“பார்க்கிறேன்,” என்றார் நிபுணர், பணிவாக. “ஆனால் நான் இந்த ஊர்க்காரன் இல்லையே. என் கண்ணுக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.”

இதையும் மொழிபெயர்த்தேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அந்த ஊரின் கெட்டிக்காரத்தனம். மிக்கேல் கட்டியிருந்த கையை அவிழ்த்து, வள்ளத்தை மேலே ஏற்ற ஆள் கூப்பிட்டான். அந்த வள்ளத்தைத் தள்ள எனக்கும் கை கொடுக்க வேண்டும் போலிருந்தது. கொடுத்தேன். மதிப்பீட்டாளன் பயனாளிகளின் வேலையில் தலையிடக் கூடாது என்று எங்களுக்கும் ஒரு விதி உண்டு.

இருட்டும்வரை நிபுணர் கரையில் உட்கார்ந்து மூன்று மீட்டர் அலைக்காகக் காத்திருந்தார். செலின் அவருக்கும் கட்டஞ்சாயா கொடுத்தாள்.

மறுநாள் காலை ஊரைவிட்டுக் கிளம்பும்போது பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. மிக்கேல் மகளைத் தோளில் உட்கார வைத்திருந்தான். அது அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆணை போட்டுக்கொண்டிருந்தது. நிபுணர் காரை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லா ஞாயிறும் இவ்வளவு ஆண்கள் வருவார்களா?” என்று கேட்டார்.

“இப்போது வருகிறார்கள்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். விளங்கிக்கொண்டு ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அவருடைய அறிக்கையில் இரண்டு வரி இருந்தது. சனிக்கிழமை அலை ஆழ்கடலில் எழக்கூடும், கரையில் தெரியாது. இந்த ஊருக்குத் தானியங்கிக் குரல் பொருந்தாது, உள்ளூர்த் திருத்தம் தொடர வேண்டும்.

செலினின் வேலை நிலைத்தது. அந்த மையத்துக்கு ‘மிகச் சிறப்பு’ என்ற மதிப்பும் கிடைத்தது.

நாலு மீட்டர்

பிறகு சில வருடங்களில் திட்டம் முடிந்தது. பணம் வருவது நின்றுபோவதற்குத்தான் திட்டம் முடிவது என்று பெயர். முடியும்போது எங்கள் தாளில் கடைசியாக ஒரு கேள்வி வரும்: நாம் போன பிறகு மக்கள் இதைத் தாங்களாகவே தொடர்ந்து நடத்துவார்களா? நான் எல்லாத் திட்டத்துக்கும் ‘நடத்த வாய்ப்புண்டு’ என்று எழுதியிருக்கிறேன். எந்தத் திட்டமும் என் வாக்கைக் காப்பாற்றியதில்லை. கரை நெடுகப் போய்ப் பார்த்தால் ஒரு மையம் சிமெண்டு கோடவுன், இன்னொன்றில் ஆடு கட்டியிருக்கிறார்கள்.

மீன் உலர்த்துகிற சூரிய அடுப்பு ஒன்றை மதிப்பிட மறுபடியும் அந்த ஊர்ப்பக்கம் போக நேர்ந்தது. அன்றைக்கும் சனிக்கிழமைதான். எல்லார் கையிலும் இப்போது செல்போன். கடல் எப்படி இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். மையத்தை எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரைக் காணோம். மேஜையில் மைக் மட்டும் துணி மூடிக் கிடந்தது.

பஸ் நிறுத்தத்தில் செலினைப் பார்த்தேன். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாளாம். தலையில் ஒன்றிரண்டு நரை. மிக்கேல் நன்றாக இருக்கிறான், மகள் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுகிறாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி ஆயிற்று. மைக் கரகரத்தது. ஒரு ஆணின் கட்டைக் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது.

“மீனவச் சகோதரர்களின் கவனத்துக்கு. இன்று இரவும் நாளை பகலும் கடலில் அலை நாலு மீட்டர் உயரத்துக்கு எழும்பும். ஒருத்தரும் தொழிலுக்குப் போக வேண்டாம்.”

அந்தக் குரலை எனக்குத் தெரியும். “ததேயூசா?” என்றேன்.

“அவருதான். நான் வேலைய விட்ட அண்ணைக்கே வந்து சாவிய வாங்கிட்டாரு.”

“அது என்ன, நாலு மீட்டர்?”

“நான் மூணுக்கு மேல போனதே இல்ல சார்,” என்றாள் செலின். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “கல்புல பாத்த வேல இல்லாமப் போயி அவருக்க மவன் திரும்பி வந்துட்டான். இப்ப அவனும் வள்ளத்துலதான் போறான்.”